கொல்லும் கவி எப்போது பிறந்தது?

பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் முடிவு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் பாணனை இவ்வழியே அனுப்பும் நத்தத்தனார், நுளைமகள் அரித்த கள்ளும் சுட்ட குழல்மீனும் அங்கே கிடைக்கும் என்று ஆசைகாட்டுகிறார். அந்தப் பாட்டில் சொல் சோறு போடுகிறது, யாரையும் கொல்லவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. புலவன் வாய்திறந்தால் ஆள் மாண்டுபோவான், ஊர் அழிந்துபோகும் என்ற நம்பிக்கை தமிழில் ஆதிமுதலே இருந்தது போலப் பேசுகிறோம். சங்கப் பாடல்களோ வேறு கதை சொல்கின்றன. புறநானூற்று 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான்: பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைவனாகிய புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். அவன் அஞ்சியது புலவனின் மௌனத்துக்கு. 1965இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் வந்த ‘பிளாக் போல்ட்’ முணுமுணுத்தாலே கட்டடங்கள் இடியும். அதனால் அவன் வாய்மூடி வாழ்கிறான். அவன் பேசாதிருப்பது உலகுக்கு நன்மை. நெடுஞ்செழியனுக்கோ புலவன் பேசாதிருப்பதுதான் தண்டனை.

சொன்னது பலிக்கும் என்ற எண்ணமே அன்று இல்லை என்று சொல்ல வரவில்லை. கண்ணகியின் வாய்ச்சொல்லுக்கு மதுரை எரிந்தது. அது கற்பின் வலிமை, கவியின் வலிமையன்று. தொல்காப்பியச் செய்யுளியல் ஆற்றலுடையோர் ஆணையிட்டுச் சொல்லும் மறைமொழியை மந்திரம் என்கிறது. வசைப்பாட்டாகிய அங்கதத்தைத் தனியே வைக்கிறது. இரண்டையும் அது கலக்கவில்லை. பின்னால் வந்த உரையாசிரியர் பேராசிரியர்தான் மந்திரத்துக்கு உதாரணமாக, நக்கீரர் ஒருவனைச் சாகவும் பிழைக்கவும் பாடிய செய்யுள்களை எடுத்துக்காட்டுகிறார். தமிழைப் பழித்ததே அவன் செய்த குற்றம். புலவன் கையில் மந்திரம் வந்து சேர்ந்துவிட்டது.

அதை இலக்கணமாக்கியவை பாட்டியல் நூல்கள். நேமிநாதம் எழுதிய குணவீர பண்டிதரின் வச்சணந்திமாலை போன்றவை, பாட்டுடைத் தலைவனின் பெயருக்கும் பாட்டின் முதற்சொல்லுக்கும் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன. மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்று பத்து. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோலத்தான். உண்டிப் பொருத்தத்தில் எழுத்துகள் அமுதென்றும் நஞ்சென்றும் பிரிகின்றன. யா, யோ, ரா, ரோ, லா, லோ எல்லாம் நஞ்சு. பரிசில் தருபவனின் உயிர்ப் பயத்தையும் பரிசில் கேட்பவனின் வயிற்றுப்பாட்டையும் ஒன்றாகக் கணக்கிட்ட ஏற்பாடு இது என்றே எனக்குப் படுகிறது.

இந்தப் புது விதியைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய பாட்டுகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். அதில் காந்தளுக்குத் தீயை உவமை சொன்ன இடத்தில் தலைவன் பெயரைத் தீ அடுத்து வந்து ‘ஆனந்தக் குற்றம்’ நேர்ந்தது, பாடியவரும் பாட்டுடைத் தலைவனும் இறந்தார்கள் என்றார் ஆளவந்த பிள்ளை ஆசிரியர். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதை ஒப்பவில்லை. அகத்தியரும் தொல்காப்பியரும் சொல்லாத குற்றம் அது என்று மறுத்தார். அவர் நெருப்பை அணைத்தாரே தவிர, புகை போகவில்லை.

மூன்றாம் நந்திவர்மன் கதையிலேயே இது தெரியும். 9ஆம் நூற்றாண்டுப் பல்லவன் அவன். மரக்காணத்துக்கு மேற்கே, திண்டிவனம்–வந்தவாசிச் சாலையிலுள்ள தெள்ளாற்றில் வென்றதால் கல்வெட்டுகள் அவனைத் ‘தெள்ளாறெறிந்த’ நந்தி என்கின்றன. அறம் வைத்து, அதாவது சாவு விளையும்படி, பாடிய நந்திக்கலம்பகத்தைக் கேட்டுக்கொண்டே பாடையேறி எரிந்தான் என்பது கதை. கல்வெட்டுகளில் இதற்குத் தடயம் இல்லை. கலம்பகமும் அவனது வெற்றியையும் ஈகையையும்தான் பாடுகிறது. அவன் கலம்பகத்தால் உடல்விட்ட செய்தி படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகத்தில் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதை நாடறிந்த கதையாகவே எடுத்தாள்கிறார். அரசன் செத்து எண்ணூறு ஆண்டுக்குப் பிறகு பிறந்த கொலைக்குற்றம்!

காளமேகப் புலவரின் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவையில் அங்கிருந்த புலவர் அதிமதுரகவி அவமதிக்க, அந்த அரசனின் ஊர்மேல் மண்மாரி பொழியப் பாடினார் என்பார்கள். காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினம் இன்றும் ஊராகவே இருக்கிறது. மண்ணை வாரித் தூற்றிச் சாபமிடும் தெரு வழக்கம் புலவன் பேரில் ஏறிக்கொண்டதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. 1876இல் அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரசமஞ்சரி இத்தகைய புலவர் கதைகளை அச்சேற்றியபின் அவை பள்ளிக்கூடம்வரை பரவின. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் காளமேகத்தைப் படமாக எடுத்தார். சொல்லால் ஊரை அழித்தவராக நடிக்க அவருக்குக் கிடைத்தவர் நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.