பலகைக்கல் பிறந்த கதை

கர்நாடக எல்லையோரக் கோபிநத்தத்துக்குக் கிழக்கே காவிரியைக் கடந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமை. வடக்கே போனால் சாவனதுர்கா, பெங்களூர். 1956 வரை கோபிநத்தம் இருந்த கொள்ளேகால் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநில எல்லை அதற்குப் பிறகு வந்தது. கல்திட்டைகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன.

நாலு பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு பெரிய பலகையை மூடியாக வைத்தால் கல்திட்டை. அதையே மண்ணுக்குள் இறக்கிக் கட்டினால் கற்பதுக்கை. இரண்டும் இறந்தவர்களுக்கானவை. பெரும்பாலும் ஒரு பலகையில் வட்டமாக ஓர் இடுதுளை இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில், கல்திட்டையைச் சுற்றித் தலை வளைந்த பலகைகளையும் நேர்மேல் பலகைகளையும் மாற்றி மாற்றி நட்டிருக்கிறார்கள். கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் ஹிரேபெணகல் மலைமேல் சுமார் 400 ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. அந்த மலைக்கு ‘மோரியர குட்டா’ என்று பெயர். நம் பக்கம் மோரியர் வீடு, பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். குள்ளர்கள் உருவத்தில் சிறியவர்கள், பலத்தில் அசுரர்கள் என்பது ஊர்க்கதை. இவ்வளவு சின்ன வீட்டுக்கு இவ்வளவு பெரிய கல் ஏன் என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பதில் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, மூடுகல்லை எப்படித் தூக்கினார்கள் என்றுதான். யூடியூபில் இந்தக் கேள்விக்கு வேற்றுக்கிரகத்தார் வரை பதில் உண்டு. எனக்கு அதற்கு முந்தைய கேள்விதான் பெரிதாகப் படுகிறது. பத்தடிக்குப் பத்தடி, அரையடி கனம் என்று ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய நாலு டன். அதை நகர்த்த ஆள் பலம் போதும். ஆனால் உளியும் சம்மட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு பாறையிலிருந்து அதை அவ்வளவு மெல்லிசாக, நடுவில் உடையாமல் பெயர்ப்பது எப்படி? ஆப்படித்து உடைத்தால் கட்டிகளாக வரும். அகலப் பலகையாக வராது.

பாதி வேலையை மலையே செய்து வைத்திருந்தது. இந்தப் பாறைகள் பூமிக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலிருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, அழுத்தம் குறைந்து பாறை விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகவே விரிசல் விடுகிறது, வெங்காயச் சருகுபோல. மொட்டைப் பாறைகளின் சரிவில் இப்படிப் பிரிந்து நிற்கும் தகடுகளை இன்றும் பார்க்கலாம்.

மீதி வேலைக்கு நெருப்பு. பெங்களூர்ப் பக்கத்துக் கல்லுடைப்பாளிகள் செய்ததை நேரில் கண்டு, எச். வார்த் என்பவர் 1895இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். வெடிமருந்து கிடையாது. ஓரளவு சமமான பாறைமீது, காய்ந்த லேசான விறகை வரிசையாக அடுக்கிக் கொளுத்துகிறார்கள். முதலில் ஏழடி நீள நெருப்புக் கோடு. மேல்தோல் சூடாகி விரியப் பார்க்கிறது, கீழே இருக்கும் குளிர்ந்த கல் விடுவதில்லை. இழுபறியில் இரண்டுக்கும் நடுவே பிளவு விழுகிறது. சில அங்குல ஆழத்தில் விழுந்த அந்தப் பிளவு வெளியே தெரியாது. ஆகவே நெருப்புக்கு முன்னால் இருக்கும் கல்லைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அடியோடு ஒட்டியிருக்கும் கல் ஒரு மாதிரி ஒலிக்கும், பிரிந்த கல் வேறு மாதிரி. பிரிந்துவிட்டது என்று தெரிந்ததும் எரியும் விறகை இன்னும் சில அங்குலம் முன்னால் தள்ளுவார்கள். மறுபடி தட்டல், மறுபடி தள்ளல்.

அவர் கணக்கெடுத்த ஒரு தடவையில் 740 சதுர அடிப் பாறை பெயர்ந்தது. சராசரி கனம் 5 அங்குலம். எரிந்த விறகு முக்கால் டன்னுக்குச் சற்றுக் கூட. ஒரு ராத்தல் விறகுக்கு 30 ராத்தல் கல் என்று வருகிறது. 740 சதுர அடி என்றால் ஒரு சிறிய வீட்டின் தளம். மலையடிவாரத்துக் காட்டில் முக்கால் டன் விறகு ஒரு பொருட்டே அல்ல. இதில் அருமையான பொருள் அந்தக் காதுதான். அவசரப்பட்டு விறகைத் தள்ளினால் பிளவு மேலேறிவிடலாம், பலகை பாதியில் முறியலாம்.

வார்த் பார்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. கல்திட்டைகள் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை. ஆனாலும் அதே பாறை, அதே விறகு. வேண்டிய கருவி ஒரு சுத்தியல். இரும்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல: கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. கல்திட்டைக்காரர்களும் இந்த வழியில்தான் பலகை எடுத்தார்கள் என்பது என் கணிப்பு. இயற்கையாகப் பிரிந்த தகடுகளை முதலில் எடுத்திருப்பார்கள், அவை தீர்ந்த இடத்தில் தீ மூட்டியிருப்பார்கள்.

இனி நகர்த்தலுக்கு வருவோம். கல்திட்டைகள் பெரும்பாலும் பாறை மலைமேலோ அதன் காலடியிலோதான் நிற்கின்றன. கல் கிடைத்த இடத்தில் கட்டிவிட்டால் பாதிச் சுமை குறைந்தது. மிச்சத்துக்கு மர உருளை, நெம்புகோல், கயிறு. 1979இல் பிரான்சின் பூகோனில் ழான்-பியர் மோயன் 32 டன் கட்டி ஒன்றைச் சுமார் 200 பேரை வைத்து நகர்த்திக் காட்டினார். நாகாலாந்தில் அங்காமி நாகர்கள் இன்றும் விழாவெடுத்து, கவட்டை மரச் சட்டத்தில் கல்லைக் கட்டி, ஊரே சேர்ந்து இழுக்கிறார்கள். முன்பெல்லாம் கல் நடுபவன் ஊருக்கு விருந்து போட வேண்டும். கூலி அதுதான்.

நிறுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1947இல் மார்ட்டிமர் வீலர் சித்ரதுர்கா பக்கம் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது, கற்பதுக்கையின் நாலு பலகைகளும் சுவஸ்திக வடிவில் ஒன்றை ஒன்று தாண்டி நிற்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் அடுத்ததன் விளிம்பைத் தாங்கும். வெளியே மண் எவ்வளவு அழுத்தினாலும் இறுகுமே தவிர உள்ளே சாயாது. சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகளை நட்டபின் வெளியே கல்லும் மண்ணும் கொட்டிச் சரிவாக்கினால், மூடுகல்லைத் தூக்கவே வேண்டாம், சரிவில் இழுத்து ஏற்றிவிடலாம். உள்ளே வைத்தது முழு உடலை அல்ல. வேறிடத்தில் சதை கழிந்தபின் பொறுக்கிய எலும்புகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புப் பொருள்கள். கல் திரட்டவும் ஆள் திரட்டவும் காலம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சாவு நடந்த அன்றே கட்டி முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, கோலார் வட்டாரங்களில் இப்போதும் தோட்டத்துக்குப் பலகைக்கல்லை நட்டு வேலி போடுகிறார்கள், பழைய வீடுகளுக்குக் கூரையும் அதுதான். தட்டையான, அளவான கனமுள்ள, ஏற்கெனவே பெயர்த்து வைத்த கல்லுக்கு எப்போதும் தேவை உண்டு. கல்திட்டைகள் பல இடங்களில் மூடுகல் இல்லாமலும் பக்கப் பலகை இல்லாமலும் நிற்பதற்குப் புதையல் தேடியவர்கள் ஒரு காரணம், பலகை தேடியவர்கள் இன்னொரு காரணம்.