எடைச் சீட்டும் பத்து ரூபாய் நாணயமும்

மதுரை ஜங்ஷனில் எடை பார்க்கும் மெஷின் நின்ற காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடிக்குள் வண்ண விளக்குகள் மின்னும், சக்கரம் சுற்றும். ஏறி நின்று, சக்கரம் நின்றதும் காசைப் போட்டால் 'டக்' என்று ஒரு தடித்த அட்டை விழும். அதில் எடையோடு ஒரு வரிப் பலனும், சினிமா நட்சத்திரத்தின் படமும் இருக்கும். எடையைக் கடைத் தராசிலும் பார்க்கலாம். நாம் காசு போட்டது பலனுக்காகவும் படத்துக்காகவும்தான்.

காசு போட்டால் பொருள் தரும் எந்திரம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்ற அறிஞர், கோயிலில் தீர்த்தம் தரும் எந்திரம் ஒன்றை விவரித்திருக்கிறார். விழுந்த காசின் கனத்தில் நெம்புகோல் சாயும், தண்ணீர் வரும். காசு சரிந்து விழுந்ததும் அடைபட்டுவிடும். 1883-ல் லண்டனில் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை விற்கும் எந்திரத்தை வைத்தார். காசு போட்டு எடை பார்க்கும் எந்திரத்துக்கும் காப்புரிமை பெற்றவர் அவர்.

இவற்றுக்கெல்லாம் உயிர்நாடி காசின் அளவு. நம் நாட்டில் அதுவே நிலையாக இருக்கவில்லை. 1992-ல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 2011-ல் வந்தது ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். அதே 2011 ஜூன் 30-ஓடு நாலணா செல்லாமல் போனது. ஒரு நாணயத்துக்கென்று செய்த பழைய பொறி இன்னொன்றை ஏற்காது.

என் அக்கா பேரன், பழைய மெஷின் ஒன்றை வாங்கிச் சரிசெய்து தொழில் நடத்தலாமா என்று கேட்டான். கையிலிருக்கும் சேமிப்பையெல்லாம் போடப் பார்க்கிறான். அவனுக்கு ஓர் அமெரிக்கக் கதை சொன்னேன். 1997-ல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் கிளார்க் விட்டிங்டன் என்ற ஓவியர், தடைசெய்யப்பட்டு ஓய்ந்து கிடந்த சிகரெட் எந்திரத்தில் தன் புகைப்படங்களை ஒரு டாலருக்கு விற்றார். கண்காட்சி முடிந்தபின்னும் கடைக்காரம்மா எந்திரத்தை அங்கேயே விடச் சொன்னார். ஆர்ட்-ஓ-மேட் என்ற பெயரில் அது பல ஊர்களுக்குப் பரவியது. எந்திரத்தின் வயிற்றை அவர் மாற்றவில்லை. சிகரெட் பெட்டி அளவுக்குள் அடங்கும் கலைப்பொருளைத்தான் அதில் வைத்தார்.

நம் ஊருக்கும் இதே கணக்குத்தான். மெஷினின் அறை என்ன அளவோ, அதற்குள் சரக்கு அடங்க வேண்டும். மதுரை ஓவியர்கள் வரைந்த சிறு அட்டைகள் போதும், எது விழும் என்று தெரியாத ஆவல் இருக்கிறதே! காசுக்குப் பத்து ரூபாய் நாணயம் ஏற்றது. நம் கடைகள் பல அதை வாங்க மறுத்தபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் அறிவித்தது. வடிவம் பல என்றாலும் அகலம் ஒன்றே, 27 மில்லிமீட்டர். அளவு பார்க்கும் பொறிக்கு மேலே உள்ள சித்திரம் பொருட்டே அல்ல. 2022-ல் கோயம்பேடு சந்தையில் வைத்த மஞ்சப்பை எந்திரமும் பத்து ரூபாய்க்குத்தான் பை தந்தது.

மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன், பத்து ரூபாய் நாணயம் பத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். அதன் காசுப் பொறியை அந்த அளவுக்கு மாற்றித்தர மெக்கானிக் ஒருவர் ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்கட்டும்.