மனித மூளை வரைபடவியல் மாநாடு, சிங்கப்பூர் (2018)

மனித மூளை வரைபடவியல் கழகத்தின் 24ஆவது ஆண்டு மாநாடு 2018 ஜூன் 17 முதல் 21 வரை, ஐந்து நாட்கள், சிங்கப்பூர் சன்டெக் மாநாட்டு மையத்தில் நடைபெற்றது. உயிருள்ள மனித மூளை இயங்கும்போது எழும் மின், காந்த, குருதியோட்டக் குறிகளைப் பதிவு செய்வோரும், அப்பதிவுகளைக் கணக்கிட்டுப் பொருள்காண்போரும் ஆண்டுக்கொரு முறை கூடும் அவை இது. ஆசிய மண்ணில் ஜப்பானின் செண்டாய் (2002), பெய்ஜிங் (2012) ஆகியவற்றுக்குப் பின் மூன்றாவது கூட்டம், தென்கிழக்காசியாவில் முதலாவது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில் இக்கழகம் கூடியது இதுவரை இந்த ஒரு முறையே.

முன்வரலாறு

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதலில் கண்டவர் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன். 1875இல் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைப் பரப்பில் மின்முனைகளை வைத்து அவர் அளந்தார். ஆயினும் இத்துறையின் தந்தை என்னும் பெயர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கருக்கே உரியது. 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக மின்னலையைப் பதிவு செய்த பெர்கர், ஐந்தாண்டுகள் அதை வெளியில் சொல்லவில்லை. தாம் காண்பது மூளையின் அலையா, தசையின் துடிப்பா, கருவியின் கோளாறா என்ற ஐயம் அவரை விடவில்லை. மண்டையோட்டில் துளையுள்ள நோயாளிகளிடமும் தம் மகன் கிளாஸின் தலையிலும் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, 1929இல்தான் முதல் கட்டுரையை வெளியிட்டார். கண்ணை மூடியிருக்கும்போது நொடிக்குப் பத்து முறை வாக்கில் எழுந்து, கண் திறந்ததும் அடங்கும் அலையை அவர் ஆல்ஃபா என்றார். 1934இல் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன் தம் தலையிலேயே மின்முனைகளைப் பொருத்தி அதை மெய்ப்பித்துக் காட்டிய பின்பே உலகம் நம்பியது. பெர்கரின் ஐயம் வீண் அச்சமன்று. உச்சந்தலையில் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு டார்ச் பேட்டரியினுடையதில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கண்ணிமைப்பு போதும், அதை மூழ்கடித்துவிடும்.

அடுத்த சிக்கல் மின்முனையை எங்கே வைப்பது என்பது. ஊருக்கொரு வழக்கம் இருந்தவரை ஒருவர் பதிவை மற்றவர் படிக்க இயலவில்லை. மாண்ட்ரியலின் ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட ‘பத்து-இருபது’ முறை, மூக்கின் வேரிலிருந்து பிடரி வரையிலான தூரத்தைப் பத்து, இருபது விழுக்காட்டுப் பகுதிகளாகப் பிரித்து இதைத் தீர்த்தது. தலை பெரிதோ சிறிதோ, விகிதம் ஒன்றே. இன்றும் எந்த மருத்துவமனையிலும் மூளை மின்னலைப் பதிவு (இ.இ.ஜி.) எடுப்பவர் அளவு நாடாவோடு தொடங்குவது இதனால்தான்.

1968இல் டேவிட் கோகன் மூளையின் காந்தப் புலத்தை அளந்தார். அது பூமியின் காந்தப் புலத்தை விடப் பல கோடி மடங்கு நலிந்தது. 1990இல் செய்ஜி ஒகாவா, குருதியில் உயிர்வளி குறைவதும் கூடுவதும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் எனக் காட்டினார். இன்றைய மூளைப் படவியலின் பெரும்பகுதி இந்த ஒரு கண்டறிவின் மேல் நிற்கிறது.

தமிழகத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. இந்திய நரம்பியல் சங்கம் 1951இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் நால்வரில் அறுவை மருத்துவர்களான ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி ஆகியோர் பரவலாக அறியப்பட்டவர்கள். மின்மூளைப் பதிவாளர் எஸ். டி. நரசிம்மன் அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. கத்தி பிடித்தவர் பெயர் நிற்கும் அளவுக்கு, காகிதச் சுருளில் அலை படித்தவர் பெயர் நிற்பதில்லை போலும்.

யார் மூளை, எந்த வரைபடம்

கழகம் 1995இல் பாரிஸில் முதன்முறை கூடியது. அதன் தலைமைச் சொற்பொழிவு பிரெஞ்சு மருத்துவர் ழான் தாலெராக் பெயரால் வழங்குகிறது. பியேர் தூர்நூவுடன் அவர் 1988இல் வெளியிட்ட மூளை வரைபட ஏட்டின் ஆயங்களைக் கொண்டே உலக ஆய்வாளர்கள் நெடுங்காலம் ‘இந்த இடம்’, ‘அந்த இடம்’ என்று பேசிவந்தனர். அந்த வரைபடம் முழுவதும், இறந்துபோன அறுபது வயதுப் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் மூளை. பின்னர் மாண்ட்ரியல் நரம்பியல் நிலையம் 305 பேரின் படங்களைச் சராசரியாக்கிப் புதிய மாதிரி மூளை அச்சு ஒன்றைத் தந்தது. தலை ஒன்று என்பது 305 ஆயிற்று. ஆனால் ஆசியத் தலைகளின் அமைப்பு அதில் சரிவரப் பொருந்தவில்லை. சீன அச்சு 2010இலும், ஐதராபாத்தில் உருவான நூறு இந்தியர்களின் அச்சு 2019இலும் வந்தன.

சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே மருத்துவமனை வரிசையில் நிற்கும் சிங்கப்பூரில் யார் மூளைக்கு எந்த வரைபடம் என்ற கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. தாயின் கருக்காலம் தொட்டுப் பிள்ளைகளைப் பின்தொடரும் ‘கஸ்டோ’ ஆய்வு 2009இல் தொடங்கி 1,200க்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களைச் சேர்த்தது. அவர்களுக்குப் பிறந்தவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பிறந்த சில நாட்களிலேயே மூளைப் படமும் எடுக்கப்பட்டது. தாய்மாரைச் சேர்த்த இரு மருத்துவமனைகளுள் ஒன்று, லிட்டில் இந்தியாவை ஒட்டிப் புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. ‘கேகே’ என்பது கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம். அப்பகுதியான தேக்காவில் மாட்டு வணிகம் நடந்த காலத்துப் பெயர். பக்கத்தில் பஃபலோ ரோடும் அதே நினைவுதான். 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து உலக சாதனை படைத்த பழைய கட்டடம் ஹேம்ப்ஷயர் சாலையில் இன்னும் நிற்கிறது. மருத்துவமனை இப்போதைய இடத்துக்கு வந்தது 1997இல்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கும் இத்துறையோடு ஒரு தொடர்பு உண்டு. தேசிய நரம்பியல் கழகம் அமைந்துள்ள டான் டோக் செங் மருத்துவமனை, 1909இல் மோல்மீன் சாலைக்குப் போகுமுன் சிராங்கூன், பாலஸ்டியர் சாலைகளின் சந்திப்பில் இருந்தது. பக்கவாதத்தால் கை விழுந்தவர்கள் கையசைப்பதாக நினைக்க, அந்நினைப்பை இ.இ.ஜி. வழியே கணினி படித்துப் பயிற்சி தரும் முறை இம்மருத்துவமனையின் துணையோடு ஆராயப்பட்டது. அதற்கு அடிப்படையான கணக்கீட்டு முறையை உருவாக்கிய ஆங் காய் கெங், குவான் சுண்டாய் உள்ளிட்ட சிங்கப்பூர்க் குழு 2008இல் பன்னாட்டு மூளை-கணினிப் போட்டியின் இரு பிரிவுகளில் முதலிடம் பெற்றது.

மாநாடு

மாநாடு ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்புகளோடு தொடங்கியது. பின்னர் உரைகள், கருத்தரங்குகள், சுவரொட்டி அமர்வுகள். உள்ளூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் தேசியப் பல்கலைக்கழகமும் இத்துறையில் முன்னணியில் இருந்தன. மூளைப் புறணியை ஏழு வலைப்பின்னல்களாகப் பகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வின் முதன்மை ஆசிரியர் தாமஸ் இயோ அப்பல்கலைக்கழகத்தவர்.

இக்கழக மாநாடுகளின் உயிர் சுவரொட்டி அமர்வுகளில்தான் உள்ளது. 2009 சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டத்தில் ஒரு குழு, செத்த சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி ‘இவர் என்ன உணர்கிறார்’ என்று கேட்டதை ஒரு சுவரொட்டியாக ஒட்டியது. புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. 2012இல் இதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 2016இல் ஆன்டர்ஸ் எக்லண்ட் குழு, பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்கள் சில அமைப்புகளில் பொய்ப் பலன்களை அளவுக்கு மீறித் தருவதாகக் காட்டியது. ஆகவே சிங்கப்பூரில் கூடியவர்களுக்குக் கருவி பற்றிய கவலையை விடக் கணக்கு பற்றிய கவலையே பெரிது. பதிவுக் கோப்புகளை உலகெங்கும் ஒரே ஒழுங்கில் அடுக்கும் ‘பிட்ஸ்’ மரபு, அதே 2018இல் காந்தப் பதிவுகளுக்கும் அடுத்த ஆண்டு இ.இ.ஜி.க்கும் விரிவடைந்தது. ஜாஸ்பர் தலையில் செய்ததைக் கணினியில் செய்த வேலை இது.

ஆயினும் எம்.ஆர்.ஐ. பக்கமே இக்கழகத்தின் சாய்வு; இ.இ.ஜி. ஆய்வாளர்கள் விருந்தினர் போலவே இருந்துவருகின்றனர்.

பிற்காலம்

கழகம் 2019இல் ரோமில் கூடியது. 2020, 2021 கூட்டங்கள் கொள்ளைநோயால் இணையவழி நடந்தன. ஒரே எம்.ஆர்.ஐ. தரவை எழுபது குழுக்களிடம் தந்தபோது முடிவுகள் வேறுபட்டதை 2020இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. மின், காந்தப் பதிவுகளுக்கான கழகத்தின் பரிந்துரைகளும் அவ்வாண்டே வந்தன. 2024இல் சோலில் கூடியபோது ஆசியாவுக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தது.