வீட்டு பிளக்கில் கார்: ஒரு சின்ன வரலாறு



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கியிருக்கிறார். "ஐயா, இந்த மாதிரி வண்டியை நம்ம சின்னாளப்பட்டி வீட்டில் சார்ஜ் போட முடியுமா?" என்று கேட்டிருந்தார். முடியும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே!

முதலில் ஒரு விளக்கம். நம் ஊர்ப்பக்கம் ஓடும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா எல்லாம் ஹைப்ரிட்தான். ஆனால் அவற்றில் பிளக் சொருக இடமே கிடையாது. ஓடும்போது என்ஜினும், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகமும்தான் பேட்டரியை நிரப்பும். பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பெரியது. இரவில் வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டால் காலையில் முதல் 40, 50 கி.மீ. பெட்ரோல் இல்லாமல் ஓடும், பிறகு என்ஜின் பார்த்துக்கொள்ளும். திண்டுக்கல் போய்த் திரும்புவது முழுக்கக் கரண்டில் முடிந்துவிடும். மதுரை போய் வர வேண்டுமானால் பாதி வழியில் பெட்ரோல் துணைக்கு வரும்.

இது ஏதோ நேற்று வந்த யோசனை என்று நினைக்காதீர்கள். 1900-லேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே, வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டியைச் செய்துவிட்டார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் மின்சாரக் கார்கள் நிறையவே ஓடின. உலகத்துக்கே பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது 1914-ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பேட்டரி கார்! இதை வகுப்பில் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் நம்பாமல் சிரித்திருக்கிறார்கள்.

சிக்கல் வீட்டில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தது மாறுதிசை மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்சாரம். 1902-ல் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்பவர் பாதரச ஆவி நிரப்பிய கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கண்டுபிடித்தார். மாறுதிசை மின்சாரம் உள்ளே போனால் நேர்திசையாக வெளியே வரும். பணக்கார வீடுகளின் கார் கொட்டகையில் இரவு முழுக்க அது நீல வெளிச்சம் விட்டுக்கொண்டு கார்களை சார்ஜ் செய்தது. அதே வேலையை இன்று காருக்குள்ளேயே ஒரு பெட்டி செய்கிறது. ஆனால் அந்த வசதியெல்லாம் நகரத்துக்கு மட்டும்தான். 1935 வாக்கில்கூட அமெரிக்காவில் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் மின்சாரம் கிடையாது. 1912-ல் கேடிலாக் காரில் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து, கையால் சுற்றும் தொல்லையும் ஒழிந்தது. மின்சாரக் காரின் கதை முடிந்தது.

நம் பக்கம் வருவோம். சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் மாகாணத்தின் உட்பகுதிகளுக்குக் கரண்ட் பரவ பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) ஆகிய நீர்மின் நிலையங்கள் வர வேண்டியிருந்தது. மின்சார வாரியம் அமைந்தது 1957-ல். நம்மூர் நெசவாளர் வீட்டில் தறிக்குழிக்கு மேலே ஒரு குண்டு பல்பு எரிந்தால் போதும். வயரிங்கும் அந்த அளவுக்குத்தான் போட்டார்கள். அதற்கு மேல் 5 ஆம்பியர் சின்ன பிளக், வசதி இருந்தால் கிரைண்டருக்கு 15 ஆம்பியர் பவர் பிளக். அந்த உருண்டைப் பின் பிளக் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அவனே 1947-க்குப் பிறகு சதுரப் பின்னுக்கு மாறிவிட்டான், நாம் விடவில்லை. என் கணிப்பில் இந்தியாவின் மின்சாரக் கார் வரலாறே அந்தப் பவர் பிளக்கில்தான் இருக்கிறது.

1993-ல் கேரளத்துச் சாலக்குடியைச் சேர்ந்த எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து லவ்பேர்ட் என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் காரை வெளியிட்டது. சொற்பமாகத்தான் விற்றது. 2001-ல் பெங்களூரில் சேத்தன் மைனியின் ரேவா வந்தது. 15 ஆம்பியர் பிளக்கில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் 80 கி.மீ. ஓடும். லண்டன் தெருக்களில்கூட அது ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. ஆனால் 2012-ல் நம் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதை மறந்துவிட்டீர்களா? அன்றைக்கு இங்கே யாராவது ரேவா வைத்திருந்தால் வாசலில் நிறுத்திவைத்து அழகு பார்த்திருக்கலாம்.

பிளக்-இன் ஹைப்ரிட் அந்தப் பயத்துக்கு ஏற்ற வண்டி. கரண்ட் போனாலும் பெட்ரோல் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆண்ட்ரூ ஃபிராங்க் தன் மாணவர்களை வைத்தே 1990-களில் இப்படிப்பட்ட கார்களைச் செய்து காட்டினார். (வாத்தியார்களைக் குறைத்து எடை போடாதீர்கள்.) 2008 கடைசியில் சீனாவின் பிஒய்டி, 2010 கடைசியில் அமெரிக்காவின் செவ்ரோலே வோல்ட் என்று விற்பனைக்கு வந்தன. அமெரிக்க வீட்டின் 120 வோல்ட்டில் வோல்ட் நிரம்பப் பத்து மணி நேரம் ஆனது. நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட். இந்த விஷயத்தில் நாம் அவர்களைவிட மேல்! ஆனால் இங்கே வந்தவை எல்லாம் பிஎம்டபிள்யூ ஐ8 (2015), வோல்வோ எக்ஸ்சி90 (2016) போன்ற கோடி ரூபாய் வண்டிகள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம், முழு மின்சாரக் காருக்கு 12, பிறகு 5. நடுத்தரக் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமான வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாமல் போனது இப்படித்தான்.

இனி மாணவரின் கேள்விக்கு. வீட்டில் சார்ஜ் போடுவதில் சட்டச் சிக்கல் இல்லை, மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவாக்கிவிட்டது. பவர் பிளக்கில் 10 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு 2.3 யூனிட். 10 யூனிட் பேட்டரி ஐந்து மணி நேரத்தில் நிரம்பும். தினமும் போட்டால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். பில்லில் 500-ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியலே வேறு என்பது வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் கணக்குப் போடும்போது கார் குடிப்பதை மட்டும் பார்க்காமல், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றின் விலையும் ஏறுவதைச் சேர்த்துப் பாருங்கள். கைத்தறி நெசவாளருக்கு அரசு தரும் இலவச யூனிட் 2023-ல் 200-லிருந்து 300 ஆனது. அது தறிக்கு. அதில் காரை மாட்டுவது நியாயமில்லை, உறவினர் ஆனாலும் சொல்லத்தான் செய்வேன்.

ஐந்து மணி நேரம் விடாமல் 10 ஆம்பியர் இழுப்பதைப் பழைய வீட்டு ஒயர் தாங்காது, சூடாகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. போடுங்கள். எர்த் சரியில்லை என்றால் பல கார்களின் சார்ஜர் வேலையே செய்யாது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.