பரங்கிமலையில் சேரும் இரண்டு பாதைகள்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் தாண்டிப் பரங்கிமலையில் இறங்கி ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். நீங்கள் வந்த தண்டவாளம் தரையில் கிடக்கிறது. அதற்கு மேல் பறக்கும் ரயிலுக்கென்று ஒரு தளம். அதற்கும் மேல் மெட்ரோ. 2016 அக்டோபரில் மேல்தளத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தி வேலை தொடங்கிய நடுத்தளமோ ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே நின்றது. ஒரே ஊர், ஒரே அரசுகள், ஏறக்குறைய அதே பொறியியல். பிறகு ஏன் இந்த வேறுபாடு? விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ வரும் என்று காத்திருக்கும் தென்புறநகர் மக்களுக்கு இந்தக் கேள்வியின் விடை மிக அவசியம். அதற்காகவே இரண்டையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

பறக்கும் ரயிலின் வேர் திட்டக்குழுவில் இருக்கிறது. 1960-களின் இறுதியில் பெருநகரங்களுக்குத் துரிதப் போக்குவரத்து தேவை என்று அது நினைக்கத் தொடங்கியது. கல்கத்தாவில் சுரங்க ரயில் பிறந்தது அந்தச் சிந்தனையிலிருந்துதான். சென்னைக்கு உயர்மட்ட ரயில் என்று முடிவாகி, 1980-களில் ஒப்புதல் கிடைத்தது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் வண்டி ஓடியது. மயிலாப்பூருக்கு 1997-ல் வந்தது. திருவான்மியூருக்கு 2004, வேளச்சேரிக்கு 2007. மொத்தம் 19 கிலோமீட்டர் சொச்சம்.

மெட்ரோவின் கணக்கு வேறு. அதற்கான நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவானது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையோடு முதல் கடன் ஒப்பந்தம் 2008-ல் கையெழுத்தானது. மத்திய அமைச்சரவை 2009 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. கோயம்பேடு–ஆலந்தூர் 2015 ஜூனில் திறந்தது. 2019 பிப்ரவரிக்குள் முதற்கட்டத்தின் 45 கிலோமீட்டரும் முடிந்துவிட்டது. சுரங்கப் பணி எடுத்த ஒப்பந்ததாரர் ஒருவர் பாதியில் விலகி, அண்ணா சாலை பல ஆண்டுகள் தகரத் தடுப்புகளுக்குள் கிடந்ததையும் சேர்த்துத்தான் இந்தப் பத்தாண்டு.

வேகத்துக்குக் காரணம் இயந்திரங்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். பணம் எந்த வழியாக வந்தது என்பதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

பறக்கும் ரயிலின் முதற்கட்டம் முழுக்க ரயில்வே பணம். இரண்டாம் கட்டத்தில் மாநில அரசு 67 விழுக்காடும் ரயில்வே 33 விழுக்காடும் ஏற்பது என்று பங்கு பிரித்தார்கள். ஆனால் இரு பங்கும் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையின் வழியாகத்தான் வரவேண்டும். ரயில்வேயின் ஆண்டு ஒதுக்கீட்டில் சென்னையின் இந்தச் சிறிய தடம் நாடெங்கும் உள்ள புதிய பாதைகளோடும் அகலப்பாதை மாற்றங்களோடும் மல்லுக்கட்ட வேண்டும். கிடைத்த தொகைக்கு ஏற்ப அந்த ஆண்டு எத்தனை தூண் என்று முடிவாகும். இப்படித் தவணையில் கட்டும் வீட்டில் சுவர் எழும்போது சிமென்ட் விலை ஏறியிருக்கும், கூரை போடும்போது கம்பி விலை ஏறியிருக்கும். கல்கத்தாவிலும் இதுவே நடந்தது. 1972-ல் அடிக்கல் நாட்டிய 16 கிலோமீட்டர் சுரங்கப்பாதை முழுதாக முடிய 1995 ஆயிற்று.

மெட்ரோவில் இந்தச் சங்கிலியை அறுத்தார்கள். தில்லி மெட்ரோ காட்டிய வழி அது. மத்திய அரசும் மாநில அரசும் சம பங்கு போட்ட ஒரே நிறுவனம். திட்டச் செலவு அன்றைய மதிப்பில் 14,600 கோடி ரூபாய். அதில் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்கு ஜப்பான் கடன். முதல் பத்தாண்டு அசலைத் தொடவேண்டாம், முப்பது ஆண்டில் திருப்பினால் போதும் என்ற நீண்ட தவணை, மிகக் குறைந்த வட்டி. ஒப்பந்தப்புள்ளி கோரும் அன்றே பணம் எங்கிருந்து வரும் என்பது எழுத்தில் இருந்தது. ஒப்பந்ததாரருக்கு அடுத்த பிப்ரவரியில் பட்ஜெட் என்ன சொல்லுமோ என்ற கவலை இல்லை. வேலையைப் பார்க்கவும் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஒரே வாசல் இருந்தது.

இந்த வழியும் ஆளில்லாமல் தானாக ஓடாது என்பதை மெட்ரோவின் இரண்டாம் கட்டமே காட்டியது. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 அக்டோபர் 3 வரை அது மாநிலத் துறைத் திட்டமாகவே இருந்தது. மதிப்பீட்டில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுப் பொறுப்பு மாநிலத்தின் தலையில். அந்த நாளில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகுதான் 65 விழுக்காடு மத்திய அரசின் வழியாக, அதில் 33,593 கோடி கடனும் அடங்க, என்று மாறியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மாநிலம் தன் கடன் வரம்பைக் கரைத்துக்கொண்டு வேலையைத் தள்ளியது. அந்தப் பணம் வேறு எத்தனையோ சாலைக்கும் பாலத்துக்கும் போயிருக்க வேண்டியது. யார் எவ்வளவு தருவது என்ற பேச்சு தூண் எழும்பிய பிறகு முடிவதா? இது இரு அரசுகளுக்கும் அழகல்ல.

இனி நிலத்துக்கு வருவோம். எனக்கு இதுவும் பணத்தைப்போலவே முக்கியமாகப் படுகிறது.

பறக்கும் ரயில் ஏன் பக்கிங்காம் கால்வாய் மேலேயே போகிறது? கால்வாய் அரசு நிலம், தனியார் நிலத்தை அதிகம் கையகப்படுத்த வேண்டாம், பெரிய இழப்பீடு தர வேண்டாம். அதனால் நீரோட்டத்துக்கு நடுவிலேயே தூண் இறங்கியது. தொடக்கச் செலவு குறைந்தது உண்மை. பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு ஆனது சுமார் 877 கோடி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 80 கோடி. மெட்ரோவின் முதற்கட்டமோ கிலோமீட்டருக்கு 324 கோடி. ஆண்டுகள் வேறு, விலைவாசி வேறு, பாதியும் சுரங்கம் என்பதை மறக்காமல்தான் இதை ஒப்பிட வேண்டும். ஆனால் பயணிகள் கூடும் இடம் கால்வாய்க்கரை அல்ல. பெரிய பெரிய நிலையங்கள் கட்டினார்கள், கடைகள் வரும், வாடகை வரும் என்று மாடிமாடியாக இடம் விட்டார்கள். பெரும்பகுதி இருட்டாகவே கிடந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் அந்தப் படிகளில் தனியாக ஏறப் பெண்கள் தயங்கிய காலம் நீண்டது. பேருந்து நிறுத்தத்துக்கும் நிலையத்துக்கும் இடையே சரியான நடைபாதை இருக்கவில்லை. மலிவான நிலத்தைத் தேடிப் போன ரயில் பயணியைத் தேடிப் போகவில்லை. கால்வாய் பட்ட பாடு தனிக்கதை. வெள்ளம் வடியவேண்டிய வழியில் தூண் நட்ட தவறு இன்றைக்கும் தவறுதான்.

மெட்ரோ அண்ணா சாலைக்கு அடியில் போனது. செலவு பன்மடங்கு. ஆனால் தேனாம்பேட்டையில், சைதாப்பேட்டையில், ஆயிரம் விளக்கில் இறங்கினால் ஊர் அங்கேயே நிற்கிறது.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையான ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பில், கால்வாயை விட்டு வெளியே வந்ததும் பறக்கும் ரயில் என்ன ஆனது என்று பாருங்கள். 2008-ல் 495 கோடி மதிப்பீட்டில் தொடங்கினார்கள். புழுதிவாக்கம் வழியாக உள்வட்டச் சாலையை ஒட்டி நாலரை கிலோமீட்டர் எழுந்து நின்றது. ஆதம்பாக்கம், தில்லை கங்கா நகர் பக்கம் அரை கிலோமீட்டர் நின்றுபோனது. இழப்பீடு போதவில்லை என்று வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீட்டுக்குச் சந்தை விலை கேட்பது அநியாயமா? நிலத்தை முதலில் பேசி முடிக்காமல் தூணை முதலில் எழுப்பியதுதான் தவறு. அந்த ஐந்நூறு மீட்டருக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் போயின. மதிப்பீடும் 734 கோடிக்கு ஏறியது. நிலத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்த திட்டம் அதைவிட அதிகமாகக் காலத்திலும் கட்டுமானத்திலும் கொடுத்தது.

இதுவரை படித்தவர் மெட்ரோவே எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். கட்டணப் பலகையைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பறக்கும் ரயிலிலும் புறநகர் ரயிலிலும் ஐந்து ரூபாயில் பயணம் தொடங்கும். சீசன் டிக்கெட் எடுத்தால் மாதம் முழுவதும் சில நூறு ரூபாயில் முடியும். மெட்ரோவில் பத்து ரூபாயில் தொடங்கி ஐம்பது வரை. பெருங்களத்தூரிலிருந்து அண்ணா சாலைக்கு வீட்டுவேலைக்கோ துணிக்கடை வேலைக்கோ போகும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய் போக்குவரத்துக்கு என்பது நடவாத காரியம். கடனில் கட்டிய ரயில் கடனைத் திருப்பியாக வேண்டும், அதுவும் யென்னில். அந்தச் சுமை டிக்கெட்டில் ஏறினால் ரயில் வந்தும் ஏழைக்கு வராத மாதிரிதான். பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. அந்த இணைப்பில் பெட்டியும் நிலையமும் மெட்ரோ தரத்துக்கு உயரட்டும், கட்டணம் மட்டும் பறக்கும் ரயிலின் எல்லைக்குள் இருக்கட்டும். இதற்கு மானியம் வேண்டுமென்றால் அரசு வெளிப்படையாகக் கொடுக்கலாம். மேம்பாலத்துக்குச் செலவழிக்கும்போது யாரும் அதை நட்டம் என்று சொல்வதில்லை.

தாம்பரத்துக்கு இதில் என்ன இருக்கிறது? 1928-ல் வேலை தொடங்கி, 1931 மே மாதத்தில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் மக்களுக்கு ஓடிய ஊர் இது. இந்தியாவில் மீட்டர் பாதையில் முதல் மின்சார ரயில். அன்றைக்கு ரயில் முன்னே வந்தது. மாம்பலமும் குரோம்பேட்டையும் அதன் பின்னே நகரமாக வளர்ந்தன. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்தது, பக்கத்தில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லாமல். பெட்டியும் குழந்தையுமாக நள்ளிரவில் வந்து இறங்கிய குடும்பங்கள் ஆட்டோவுக்கு அலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோ 15.46 கிலோமீட்டர், 13 நிலையங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலையின் மேலேயே, ஜனம் இருக்கும் இடத்திலேயே போகிறது. இதைத் திட்டமிட்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். மதிப்பீடு 9,335 கோடி. முதலில் போட்டதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நிலத்துக்கும் முன்பணிகளுக்கும் சுமார் 1,964 கோடிக்கு மாநில அரசு 2025-ல் ஒப்புதல் தந்தது. தூணுக்கு முன் நிலம் என்ற அந்த வரிசை சரியானது. தில்லை கங்கா நகரில் இல்லாமல்போனது அதுதான். மத்திய அரசின் பங்கு எவ்வளவு, கடன் யார் பெயரில், முதல் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே அது கையெழுத்தாகுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை இல்லாமல் அடிக்கல் நாட்டினால் இந்தப் பாதையும் பறக்கும் ரயிலின் வழியிலேயே போகும் என்பது என் தீர்ப்பு.

ஆகவே தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலம் அளக்க அலுவலர் வரும்போதும், சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போதும், மெட்ரோ எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். இரு அரசுகளின் பங்கும் எழுத்தில் இருக்கிறதா, என் தெருவில் இழப்பீடு என்ன விலையில், பெருங்களத்தூரிலிருந்து டிக்கெட் எவ்வளவு என்று கேளுங்கள். அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.