விசாகா கமிட்டியும் நான் எழுதிய ஒரு விண்ணப்பமும்

போன மாதம் பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வந்த இடத்திலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் படம் ஓடியது, சத்தம் இல்லை.

"என்னடி, ஊமைப் படமா?"

"ஆபீஸ் டிரெய்னிங் அம்மாச்சி. வேலை செய்யிற இடத்துல பொம்பளைங்ககிட்ட யாரும் தப்பா நடக்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் எடுக்கணும். கடைசியில பத்துக் கேள்வி. எட்டு சரியாச் சொன்னா சர்டிபிகேட்."

"அதுல பன்வாரி தேவியைப் பத்தி வருதா?"

"யாரு அது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1979 இல் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எந்த ஊர், எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். அறுபது பேர் வேலை பார்த்த இடத்தில் பெண்கள் ஐந்து பேர். எங்களுக்கென்று தனிக் கழிப்பறை வந்ததே நான் சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான். பாலியல் தொல்லை என்ற சொல்லே அன்று எங்களிடம் இல்லை. "அவர் ஒரு மாதிரி" என்போம். "அந்த ரூமுக்குத் தனியாப் போகாதே" என்போம். புதிதாக வரும் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

1983 இல் ஒரு பெண் தட்டச்சராக வந்தாள். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. படிக்கிற வயதில் இரண்டு தம்பிகள். எங்கள் கண்காணிப்பாளர் ஐந்து மணிக்கு மேல் அவசரத் தபால் என்று சொல்லி அவளை நிறுத்தி வைப்பார். நாற்காலிக்குப் பின்னால் வந்து, தாளைப் பார்ப்பதுபோல் குனிவார். தோளில் கை வைப்பார். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் சொல்லி அழுதாள். "நான் என்ன செய்யட்டும் அக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான். மேலிடத்துப் பழக்கம் உள்ளவர். உன் பேர்தான் கெடும். மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துடு." விண்ணப்பத்தையும் நானே எழுதினேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர். காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று போட்டேன். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். மாறுதல் கிடைத்தது, இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு. 1985 இல் கண்காணிப்பாளர் மாலை மரியாதையோடு பணி நிறைவு பெற்றார். வாழ்த்து மடல் வாசித்தது நான்தான்.

அப்போது சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354, 509 என்று இரண்டு பிரிவுகள். ஆனால் அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டும். பஞ்சாபில் ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 1988 இல் துணிந்து புகார் கொடுத்தார். எதிரே இருந்தவர் மாநிலக் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில். ஒரு விருந்தில் நடந்த அந்தச் சம்பவத்தில் அவர் குற்றவாளிதான் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது 2005 பிறந்துவிட்டது. பதினேழு வருடம். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே இந்தப் பாடு என்றால், தட்டச்சர் எங்கே போவாள்?

இனி பன்வாரி தேவிக்கு வருகிறேன். ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை அடுத்த பட்டேரி கிராமத்துக்காரர். குயவர் சமூகம். மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 1985 முதல் 'சாத்தின்' என்ற பொறுப்பில் இருந்தார். தோழி என்று பொருள். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசுவது அவர் வேலை. 1992 இல் குழந்தைத் திருமணங்களைத் தடுக்க அரசு ஒரு இயக்கம் நடத்தியது. அட்சய திருதியை சமயத்தில் அங்கே சின்னக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கம் இருந்தது. நாம் நகைக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் அதே நாள். ஊரில் செல்வாக்கான ஒரு குடும்பத்தில், ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தைக்கு நடக்க இருந்த கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார் பன்வாரி. போலீஸ் வந்து போனது. கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. பகை மட்டும் அவர் தலையில் நின்றது. ஊர் அவரிடம் பானை வாங்குவதை நிறுத்தியது.

அந்த வருடம் செப்டம்பர் 22 அன்று, கணவரோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கணவரை அடித்துப் பிடித்து வைத்துவிட்டு அவரைக் கூட்டாகச் சீரழித்தார்கள். அவர் மறைக்கவில்லை, புகார் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனை நடக்கவே இரண்டு நாளுக்கு மேல் ஆனது. 1995 நவம்பரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. மேல்முறையீடு வருடக் கணக்காகக் கிடந்தது.

விசாகா என்றால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் என்றுதான் எங்கள் அலுவலகத்தில் பலர் நினைத்திருந்தார்கள். அது ஜெய்ப்பூரில் இயங்கிய ஒரு பெண்கள் அமைப்பின் பெயர். அந்த அமைப்பும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயின. அரசு சொன்ன வேலையைச் செய்ததற்காக ஒரு பெண்ணுக்கு இது நடந்திருக்கிறது. வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். எதெல்லாம் தொல்லை என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தது. தொடுவது மட்டுமல்ல, ஆபாசப் பேச்சும் படம் காட்டுவதும்கூட. ஒவ்வொரு அலுவலகத்திலும் புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பாராளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரை இதுவே சட்டம் என்றார்கள். அதற்குப் பதினாறு வருடம் ஆனது வேறு கதை.

எங்கள் அலுவலகத்தில் அந்தக் குழு பல காலம் காகிதத்தில்தான் இருந்தது. 2004 இல் என்னைத் தலைவியாகப் போட்டார்கள். இருந்த பெண்களில் மூத்தவள் என்பதுதான் தகுதி. முதல் பயிற்சி வகுப்பு கூட்ட அரங்கில் நடந்தது. வடை, காபி, வருகைப் பதிவேடு எல்லாம் உண்டு. முன்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், இனிமே வணக்கம் சொல்றதுக்கும் கமிட்டியில அனுமதி வாங்கணுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். பழைய நானாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கையிலிருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டுப் பன்வாரி தேவியின் கதையைச் சொன்னேன். "வயக்காட்டுல நடந்ததுக்கும் ஆபீசுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. "நீங்க நோட்டீஸ் ஒட்டப் போன இடத்துல உங்களை அடிச்சா அது உங்க சொந்தத் தகராறா, அரசாங்க வேலையில பட்ட அடியா?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் ஒரு வயதான அலுவலக உதவியாளர் எழுந்து, "அந்தம்மாவுக்கு நியாயம் கிடைச்சுதாங்க?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து தட்டுகளை எடுக்க வந்த துப்புரவுப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நாங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. எங்களுக்கும் இது உண்டாம்மா?" என்றாள். உண்டு என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் என்று பெயர் சொல்லி எழுதியது 2013 இல் வந்த சட்டம்தான்.

அந்தச் சட்டம் 2013 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் குழு கட்டாயம். அதற்கும் சின்ன இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அவ்வப்போது பயிற்சி நடத்துவதும் முதலாளியின் கடமை. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

அதில் ஒரு பிரிவைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. விசாரணை நடக்கும்போது, பெண் எழுதிக் கேட்டால், அவளை மட்டுமல்ல, புகாருக்கு ஆளானவரையும் வேறு இடத்துக்கு மாற்றலாமாம். 1983 இல் அப்படி ஒன்று என் புத்தியில் தோன்றவே இல்லை. போக வேண்டியது அவள்தான் என்று முடிவு கட்டியது நான்.

நான் பொறுப்பில் இருந்த காலத்தில் நான்கு புகார்கள் வந்தன. நான்கும் வகுப்பு நடந்த ஒரு மாதத்துக்குள் வந்தவை. அதனால்தான் இந்தப் பயிற்சியெல்லாம் வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம், ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தத் தட்டச்சரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அக்கா அன்னைக்கு மாறுதல் எழுதிக் கொடுத்துக் காப்பாத்தினீங்க" என்றாள். நன்றி சொல்கிறாள்! அது நன்றிக்குரிய காரியம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டோம். அங்கே சொல்லாததை இங்கே சொல்லி வைக்கிறேன்.

பேத்திக்குப் பன்வாரி தேவி கதையைச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. கேட்டுவிட்டு, படத்தை முதலிலிருந்து சத்தத்தோடு போட்டாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பயிற்சியைச் சத்தமில்லாமல் ஓட விட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள்.