நீரை நிறுத்தும் கலை

நீரைப் பாய்ச்சுவது எளிது. உரிய வேளையில் நிறுத்துவதே அரிது. வாய்க்காலை வெட்டிவிட்டால் பள்ளத்தை நோக்கி நீர் தானே ஓடும். எவ்வளவு பாய்ந்தபின் அதனை அடைப்பது, அடைத்த நீரை அடுத்து எவருக்கு விடுவது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தேடியதில்தான் பாசன வரலாற்றின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

முதல் வினாவுக்கு இக்காலம் ஒரு மலிவான விடையைக் கண்டுவிட்டது. ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266 என்னும் வைஃபை நுண்கட்டுப்படுத்தி, 2014-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவத் தொடங்கியது. விரல் நகமளவே உள்ள அந்தச் சில்லுடன் ஓர் ஈரமானி, ஒரு ரிலே, ஒரு சிறு பம்பு ஆகியவற்றை இணைத்தால், செடிக்குத் தானே நீர் வார்க்கும் கருவி அணியமாகிவிடும். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கைப்பேசியும் காரும் செய்யும் ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மின்சுற்றுப் பலகை தெரிந்த இளைஞருக்குக் குறைவில்லை. ஒரு விடுமுறை நாளில் இதனைப் பொருத்திவிட அவர்களால் இயலும்.

இக்கருவி இயங்கும் முறை நுட்பமானது. மண்ணில் செருகிய ஈரமானியின் மின்னழுத்தத்தை அச்சில்லு 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. மின்தேக்கு வகை ஈரமானியாயின், மண் காயும்போது எண் உயரும், நனையும்போது தாழும். செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் இவ்வெண் வேறுபடுமாதலால், அந்தந்த மண்ணைக் காயவைத்தும் நனைத்தும் அளந்து வரம்பு குறிக்கவேண்டும். அவ்வரம்பும் ஒன்றாக இருத்தல் கூடாது. தொடங்குவதற்கு ஓர் எண்ணும் நிறுத்துவதற்கு மற்றோர் எண்ணும் வேண்டும். இல்லையேல் எல்லைக்கோட்டில் நின்று ரிலே ஓயாது படபடக்கும். வார்த்த நீர் வேர்வரை இறங்கச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே சிறிது ஊற்றி, பொறுத்திருந்து, மீண்டும் அளந்து பார்த்து ஊற்றுமாறு கருவிக்குக் கற்பிக்கவேண்டும். அளத்தலும் நிறுத்தலும் பொறுத்தலும் கூடியதே இதன் அறிவு.

இவ்வறிவு நேற்றுப் பிறந்ததன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ், நீர்க்கடிகாரத்தில் மிதவையொன்றை அமைத்து நீரோட்டத்தைச் சீராக்கினார் என்பர். அந்த யவனக் கலையைக் கற்று வளர்த்தவர்கள் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களாகிய முஹம்மது, அஹ்மது, அல்-ஹஸன் ஆகிய மூவர். தந்தையை இழந்த அவர்கள் கலீஃபா மஃமூனின் ஆதரவில் வளர்ந்து கல்வி பெற்றார்கள். கி.பி. 850-ஐ ஒட்டி அவர்கள் இயற்றிய ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூல் ஏறத்தாழ நூறு பொறிகளை விளக்குகிறது. நீர் குறைந்தால் மிதவை தாழ்ந்து அடைப்பைத் திறப்பதும், நிறைந்தால் உயர்ந்து மூடுவதும் அந்நூலில் திரும்பத் திரும்ப வரும் உத்தி. இன்று நம் வீட்டு நீர்த்தொட்டியில் மிதக்கும் உருண்டை அவ்வழியில் வந்ததே.

பின்னர் 1206-இல், தியார்பக்கிரில் அர்த்துக்கிய மன்னரிடம் பணியாற்றிய அல்-ஜஸரீ தம் பொறிநூலை நிறைவு செய்தார். அதிலுள்ள யானைக் கடிகாரம் நமக்கு நெருக்கமானது. யானையின் வயிற்றுக்குள் மறைந்துள்ள நீரில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கிறது. மெல்ல நீர் புகுந்து அது மூழ்கும்போதெல்லாம் அரைமணி கழிந்ததாகக் கணக்கு. நம் முன்னோர் 24 நிமிடங்கொண்ட நாழிகையை அளந்த நாழிகை வட்டிலும் இதே வகையினதன்றோ!

இப்பொறிகள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை தம் தொட்டியின் நிலையை மட்டுமே அறியும். பக்கத்துத் தொட்டி வறண்டிருப்பதை அறியா. இரண்டாவது வினா அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்கு விடை காண மதீனாவுக்குச் செல்லவேண்டும்.

மஹ்ஸூர் என்னும் ஓடையின் நீரை மேல்நிலத்தாரும் கீழ்நிலத்தாரும் எவ்வாறு பங்கிடுவது என்ற வழக்கு அண்ணல் நபிகளார் (ஸல்) அவர்களிடம் வந்தது. மேலே இருப்பவர் கணுக்கால் அளவு நீர் நிற்கும்வரை தேக்கிக்கொண்டு, அதன்பின் கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இச்செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் அபூதாவூத் தொகுப்பிலும் காணப்படுகிறது. இத்தீர்ப்பில் உள்ள நுட்பத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். கணுக்கால் என்பது எவரும் கருவியின்றிக் காணக்கூடிய அளவு. அந்த அளவை எட்டிய நொடியில் மேல்நிலத்தாரின் உரிமை முடிகிறது. கீழ்நிலத்தாரின் உரிமை தொடங்குகிறது. நிறுத்தும் எண்ணுக்கு அயலாரின் உரிமையே அடிப்படையாகிவிடுகிறது.

நம் தொண்டை மண்டலமும் இவ்வினாவை அறிந்திருந்தது. வற்றா ஆறு இல்லாத இந்நிலத்தார், சரிவுதோறும் கரையெழுப்பி, ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு தொடராக அமைத்தனர். ஏரிக்குள் இரு கல் தூண்கள் நிறுத்தி, அவற்றுக்கிடையே அடிக்கல்லின் துளையை அடைப்பால் மூடி, அதனை உயர்த்தியும் தாழ்த்தியும் நீர்விடும் குமிழித் தூம்பு அக்காலப் பொறியியலின் சிறப்பு. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு அறுவரையும் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரையும் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகிறது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவருக்கே அங்கு இடமுண்டு என்பதையும் மறைத்தற்கில்லை. மதகைத் திறந்து, வயல்தோறும் முறைவைத்து நீர் விட்டவர் நீர்க்கட்டி. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கற்பட்டுச் சீமையில் எடுத்த கணக்கிலும், விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் பங்கு ஒதுக்கிய வழக்கம் பதிவாகியுள்ளது. நீர்க்கட்டிக்கு ஈரமானி கிடையாது. ஆயினும் எந்த வயல் காய்கிறது, எவர் முறை தவறிற்று என்பது அவருக்குத் தெரியும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பெரிய ஏரிகள் அரசுத் துறையின் வசமாயின. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டதும் இவ்வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. பல்லாயிரவர்க்குப் பிழைப்பு கிடைத்தது. அந்நன்மையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் ஆயக்கட்டு நிலம் ஆலையாகவும் மனையாகவும் மாறிய இடத்தில் மதகு திறப்பதற்குப் பொருளில்லாது போயிற்று. முறைவைப்பு மறைந்தது, நீர்க்கட்டியின் பணியும் அதனுடன் மறைந்தது.

இவ்வட்டாரத்துக்கும் சென்னைக்கும் இடையே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. மேலுள்ள ஏரிகள் பலவற்றின் உபரி அங்கே சேர்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இருகரையிலும் உயிர்கள் பறிபோயின. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அவ்வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே கூறிற்று. மூன்றரை ஆண்டுகள் கழிந்து 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஏரியின் மட்டத்தை அளக்க அங்கே அளவுகோல் இருந்தது. எப்போது, எவ்வளவு, கீழே இருப்பவருக்கு என்ன சொல்லித் திறப்பது என்பதை அளவுகோல் உரைக்காது. கணுக்கால் அளவுத் தீர்ப்பின் மறுபாதி அதுவே.

ஆதலால் தானே நீர் வார்க்கும் கருவியைச் செய்யும் இளைஞரைப் பாராட்டுவோம். பனூ மூஸாவும் அல்-ஜஸரீயும் விட்டுச் சென்ற கலை அவர்கள் கையில் தொடர்கிறது. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்ற சமுதாயத்தாருக்கு, வேண்டிய அளவில் தானே நின்றுவிடும் கருவி அந்நியமானதன்று. பூந்தொட்டியை அளக்கும் அதே ஈரமானியும் மிதவையும் ஏரி மதகிலும் வரவுக்காலிலும் நின்று, தாம் கண்ட எண்ணை ஊரார் அனைவரின் கைப்பேசிக்கும் ஒருங்கே அனுப்ப இயலும். வைஃபை எட்டாத தொலைவுக்கு வேறு அலைவரிசைக் கருவிகள் உள்ளன. மேல் ஏரிக்காரரும் கீழ்க்கரைவாசியும் ஒரே எண்ணைக் காணும்போதுதான் நியாயம் பேச இடம் பிறக்கும்.

எண்ணைக் காட்டுவது கருவியின் கடன். அந்த எண்ணில் எவருடைய முறை தொடங்குகிறது என்று கூடித் தீர்மானிக்க ஒரு வாரியம் வேண்டும். இம்முறை நிலமுடையோர்க்கும் இல்லாதோர்க்கும் அதில் இடம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஏரிகளில் எஞ்சியிருக்கும் நீர் அந்த வாரியத்துக்காகக் காத்திருக்கிறது.